பெயரிழந்த இருபத்தொன்பது

முதலில் கர்சர் நின்றது.
பிறகு பீடிக் கணக்கு.
பிறகு நீலத்திரை,
அதில் ஒருக்களித்துப் படுத்த ஓர் அழுமூஞ்சி.

குடியாத்தம் நெல்லூர்ப்பேட்டையில் அன்றைக்கு
இரவு பத்தரைக்கும் சுவர் சுட்டது.
கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
குப்பென்று புகையிலை.
எட்டு வருஷமாக இந்த அறையில்தான்
இலையும் தூளும் நிறுத்துத் தருகிறோம்.
விசிறி இழுத்து இழுத்து
கால் கிலோவாவது சேர்த்திருக்கும் உள்ளே.
எடை போடாமல் இங்கிருந்து எடுத்துக்கொண்டது
அது ஒன்றுதான்.
எனக்கு ஏழு தும்மல்.

பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன்.
ராமை உருவி அழிரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
சிவப்புக் கேபிளைப் பிடுங்கி
அடுத்த துளையில் மாட்டினேன்.
பழையபடி வந்தது விண்டோஸ்,
பழையபடி நின்றது.
ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்தேன்.
டக். டக்.
கொஞ்சம் யோசித்து, டக்.
பல்லி என்றால் திசை பார்த்துப் பலன் சொல்ல
நாள்காட்டியின் பின்பக்கம் இருக்கிறது.
இதற்கு எந்தத் திசையிலும் ஒரே பலன்: நஷ்டம்.

கட்டிலிலிருந்தே சொன்னார் பரந்தாமன்:
"அணைச்சு அணைச்சுப் போடு, சரியாப் பூடும்."
எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்,
மோட்டாருக்கு, கேஸ் அடுப்புக்கு, எனக்கு.

கறுப்புத் திரையில் அடித்தேன்:
செக்டிஸ்க், இடைவெளி, சி, முக்காற்புள்ளி,
இடைவெளி, சாய்கோடு, ஆர்.
முதலில் காப்பி எடு, அப்புறம் வைத்தியம் பார் என்று
காட்பாடி சர்வீஸ்காரர் படித்துப் படித்துச் சொன்னது
என்டர் தட்டிய பிறகு ஞாபகம் வந்தது.

பதினொரு சதவீதம். பன்னிரண்டு.
பன்னிரண்டிலேயே ஒன்றரை மணி நேரம்.
யூபிஎஸ் பேட்டரிக்கு நாலு நிமிஷம்தான் உயிர்.
கரன்ட் போகக்கூடாதென்று
கெங்கையம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன்.
இருபதில் இன்னொன்று.

கெட்டுப்போன இடத்தை அது
சரிசெய்வதே இல்லை, அன்றைக்குத்தான் தெரிந்தது.
இங்கே இனி எழுதாதே என்று ஒரு குறி,
அவ்வளவுதான்.
தோல் ஷெட்டுக்குப் பின்னால் அந்தக் கைப்பம்புக்குச்
சிவப்பு அடித்துவிட்டுப் போனார்களே,
அந்த மாதிரி.
தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது.

நாலேகாலுக்கு முடிந்தது.
கணக்குக் கோப்பு போனது போனதுதான்.
பதிலுக்கு ஒரு புது ஃபோல்டர்,
அதற்குள் பெயரிழந்த இருபத்தொன்பது பேர்,
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஒன்று என்று
ஆஸ்பத்திரி டோக்கன் பிடித்து உட்கார்ந்தபடி.
நோட்பேடில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.
கட்டம், கேள்விக்குறி, கட்டம்.
பாதி மின்ரசீது.
கட்டம், கட்டம்.
பதினேழாவதில், குப்பைக்கு நடுவே,
நானே என்றைக்கோ கிறுக்கி வைத்த வரி:

தேசம்மா. சிரசுத் திருவிழா முன்பணம் 500. பிடித்தாச்சு. ஜூன் 7.

ஆகஸ்டில் மறுபடியும் பிடித்தேன்.
"அதான் அப்பவே புட்ச்சிக்கினியேக்கா" என்றாள்,
கூடை இடுப்பில்.
மானிட்டரை அவள் பக்கம் திருப்பினேன்.
கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று கேட்டேன்.
கேட்டேன், ஆமாம், பத்துப் பேர் முன்னால்.
அவள் திரையைப் பார்க்கவில்லை.
என்னைத்தான் பார்த்தாள்.

புது எஸ்எஸ்டி ஆயிரத்து எண்ணூறு.
கடுகு டப்பாவில் இருந்தது இரண்டாயிரத்து நூறு.
கழித்துப் பார்த்தேன்.
இன்னொரு முறை கழித்துப் பார்த்தேன்.
நாலு திருகாணியையும் கழற்றி
டிஸ்க்கை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
இன்னும் சூடாகவே இருந்தது.

ஆறு மணிக்கு இலை வாங்க வந்தாள்.
"இன்னாக்கா, கண்ணு செவந்து கீது, தூங்கலியா?"
ஐநூறை நீட்டினேன்.
சொல்லி வைத்திருந்த வாக்கியம்
பாதியிலேயே நின்றுவிட்டது.
அவள் நோட்டை மடித்து ஜாக்கெட்டில் செருகி,
மூடி திறந்த வெறும் டப்பாவை எட்டிப் பார்த்து,
"இன்னா, கம்ப்யூட்டர் சொல்ச்சா?" என்று கேட்டுவிட்டு
தூளுக்குக் கூடையை நீட்டினாள்.
தராசில் கல்லை வைத்தேன்.